சுழி

பதினோராம் தடை, தண்ணீர்.
எனக்கு ஒதுக்கியது அது.
நான்கு வருடமாக அதே மடக்கு நாற்காலி,
அதே ஊதல், கயிற்றில் கட்டிய பென்சில்,
சாப்பாட்டுப் பையில் பன்றியிறைச்சி ரொட்டி, ஒரு ஆப்பிள்.
நான் குதிரையேறியவன் அல்ல,
டிராக்டர் பழுதுபார்ப்பவன்.
ஆனால் கார்லோவில் ஞாயிற்றுக்கிழமை
யாராவது ஒருவர் உட்கார்ந்து எழுதியாக வேண்டும்:
தாண்டினால் சுழி,
மறுத்தால் இருபது,
மறுபடி மறுத்தால் மேலும் நாற்பது,
மூன்றாம் முறை ஒரு கோடு.
வீட்டுக்குப் போகலாம்.

டெர்வ்லா கின்செல்லாவை முதலில் தெரிந்துகொண்டது
அந்தக் கோட்டில்தான்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
அவளுடைய செம்பழுப்புப் பெட்டைக்குதிரைக்கு
நெற்றியில் இரட்டைச் சுழி.
சுழி சரியில்லை என்று சந்தையில் யாரும் தொடவில்லை;
விலை இறங்கி இறங்கி இவளிடம் வந்து நின்றது.
அதனால் பெயரும் சிக்ஸ்பென்ஸ்.

அன்று அது காட்டுப்பாதையிலிருந்து பாய்ந்து வந்து
கரையில் நாலு காலையும் ஊன்றிக்கொண்டது.
முழங்காலுக்கும் கீழே ஆழம்.
அதில் மேகம் கிடந்தது.
மேகத்தின் மேல் யார் கால் வைப்பார்கள்?
மூன்று முறை.
டெர்வ்லா கையுயர்த்தி எனக்கு நன்றி சொன்னாள்.
எதற்கு என்று இப்போதும் தெரியாது.

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பார்கள்.
இங்கே இறங்க மறுத்தது குதிரை.
மண்ணாலானது மேலே உட்கார்ந்திருந்தது,
மூச்சை அடக்கி, கடிவாளத்தை இறுக்கி,
தண்ணீரையே வெறித்தபடி.

அடுத்த வருடம் சிக்ஸ்பென்ஸ் இறங்கியது.
டெர்வ்லாவும் இறங்கினாள்,
தனியாக, தலைகீழாக.
கரையேறிக் கவிழ்த்த பூட்ஸிலிருந்து
ஒரு தலைப்பிரட்டை விழுந்தது.
அதை உள்ளங்கையில் ஏந்திக் குளத்தில் விட்டாள்.
பிறகுதான் குதிரையைப் பிடிக்கப் போனாள்.
கோடு.

மூன்றாம் வருடம் மழை. வயலெல்லாம் குளம்.
போட்டி ரத்து.

அந்தக் குளிர்காலத்தில்
பழுதான டிராக்டர் ஒன்றை இழுத்துக்கொண்டு
பாரோ ஆற்றுப் பாலத்தைக் கடக்கையில் பார்த்தேன்.
கீழே மாடுகள் நீர் குடிக்கும் சரிவில்
பேருந்துச் சீருடையோடு முழங்கால் ஆழத்தில் நின்று
கேரட்டைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தாள்.
கரையில் சிக்ஸ்பென்ஸ்.
இடையில் கயிறு தொய்ந்து கிடந்தது.
அவள் இழுக்கவில்லை. கூப்பிடவும் இல்லை.
கேரட் தீர்ந்துகொண்டிருந்தது.
எனக்குப் பின்னால் ஒரு பால் லாரி ஹாரன் அடித்தது.
முடிவைப் பார்க்காமல் போய்விட்டேன்.

இந்த வருடம்,
டிரெஸ்ஸாஜில் நாற்பத்துநாலு அபராதம், அவள் வயதேதான் என்று
ரேடியோவில் ஃபின்டன் சிரித்தான்.
அரங்கத் தாண்டலில் இரண்டு கம்புகளைத் தட்டிவிட்டாளாம்.
அதெல்லாம் வேறு வயல்.
எனக்குத் தெரிந்தது தண்ணீர் மட்டும்.

குளம்பொலி முதலில் தரை வழியாக நாற்காலிக்கு வந்தது.
ஊதினேன்.
நாய்களோடு நின்றவர்கள் விலகினார்கள்.
அவள் மார்பில் இருநூற்றுப் பதினான்கு.
வலப்புறம் சிவப்புக் கொடி, இடப்புறம் வெள்ளை,
நடுவே அந்த இரட்டைச் சுழி.
காதுகள் ஒரு கணம் பின்னால் சாய்ந்து
எதையோ கேட்டன.
மேலிருந்து என்ன பதில் போனதோ.
டெர்வ்லா தண்ணீரைப் பார்க்கவேயில்லை;
அக்கரை மேட்டைப் பார்த்தாள்.

மேகம் உடைந்தது.

சட்டை, தாள், ரொட்டி எல்லாம் நனைந்தன.
அவர்கள் போன தடத்தில்
தண்ணீர் இன்னும் சுழித்துக்கொண்டிருந்தது.
அதைப் பார்த்துக்கொண்டே
பென்சிலை அழுத்தி வட்டம் போட்டேன்.
ஈரத்தாள் கிழிந்தது.
கிழிசலும் வட்டமாகத்தான் இருந்தது.

பதினேழாம் தடையில் பள்ளத்தைக் கண்டு நின்றதாம்.
ஒரு மறுப்பு; அப்புறம் தாண்டியதாம்.
நேரமும் கடந்துபோனது.
ஐம்பத்தாறு பேரில் நாற்பத்தொன்பதாவது.

அது சாயங்காலம் தெரிந்தது.
அப்போது மேட்டில்
இருநூற்றுப் பதினைந்து தெரிய ஆரம்பித்திருந்தது.
நனையாத தாள் ஒன்றைத் தேடிக்கொண்டே
ஊதலை வாயில் வைத்தேன்.